ரிம் பெரிதானால் ரப்பர் குறையும்

புதுக் கார் வாங்கியதும் பலருக்கு முதலில் தோன்றும் மாற்றம் அலாய் வீல். கம்பெனி கொடுத்த 14 அங்குல இரும்பு ரிம்மும் அதன் மேல் பிளாஸ்டிக் மூடியும் கண்ணுக்கு எடுப்பாக இல்லை. கடையில் அடுக்கியிருக்கும் 17 அங்குல அலாயோ அதே காரை வேறொரு ரகமாக்கிக் காட்டுகிறது. அழகுக்காக மாற்றுகிறேன் என்பவரோடு வாதிட எதுவுமில்லை. அது அவரவர் ரசனை. ஆனால் கடையில் பேச்சு அழகோடு நிற்பதில்லை. “ரைடு கொஞ்சம் ஹார்டா இருக்கும் சார், ஆனா ஹேண்ட்லிங் செமயா இருக்கும்” என்கிறார்கள். கொஞ்சம் சொகுசை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாகக் கட்டுப்பாடு கிடைக்கும் என்பது இதன் பொருள். வாங்குபவரும் இதை நியாயமான பேரமாகவே எடுத்துக்கொள்கிறார். வழவழப்பான பந்தயத் தடத்தில் இந்தப் பேரம் உண்மைதான். நாம் தினமும் ஓட்டும் சாலைகளில் உண்மையில்லை. ஓர் அங்குலத்துக்கு மேல் ரிம்மைப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் சொகுசு போகிறது, கூடவே கையாளுமையும் போகிறது. காரணம், கரடான சாலையில் இந்த இரண்டையும் காப்பாற்றுவது ஒரே பொருள்: ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் டயரின் பக்கச்சுவர்.

2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த வகைகளுக்கு 165/80 R14 டயர், விலை கூடியவற்றுக்கு 185/65 R15. இதில் முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால் 14 அங்குல டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ., சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. கம்பெனியே தரும் 15 அங்குலத்தில் பக்கச்சுவர் 120 ஆகக் குறைகிறது, விட்டம் 621. கடையில் 195/55 R16 மாட்டினால் பக்கச்சுவர் 107, விட்டம் அதே 621. 205/45 R17-க்குப் போனால் பக்கச்சுவர் 92, விட்டம் 616. ஆக, பெரிய வீல் மாட்டினேன் என்று சொன்னாலும் சக்கரம் பெரிதாகவே இல்லை. வெளி வட்டம் அப்படியே இருக்க, உள்ளேயிருந்த ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 14-லிருந்து 17-க்குப் போகிறவர் 40 மி.மீ. பக்கச்சுவரை, அதாவது இருந்ததில் முப்பது சதவீதத்தை, இழக்கிறார்.

அந்த நாற்பது மில்லிமீட்டர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது? 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது, தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. அதிர்வைத் தாங்குவது டயருக்குப் பிறகு வந்து சேர்ந்த கூடுதல் வேலையல்ல, அது பிறந்ததே அதற்குத்தான். சஸ்பென்ஷன் என்றால் நாம் காயில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மட்டும் நினைக்கிறோம். அவற்றுக்குக் கீழே டயர் என்னும் இன்னொரு ஸ்பிரிங்கும் இருக்கிறது. சிறிய காரின் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ எடை போதுமென்றால், டயர் அதே அளவு அமுங்க ஏறக்குறைய இருபது கிலோ வேண்டும். பத்து மடங்கு விறைப்பான இந்த ஸ்பிரிங்கால் என்ன பெரிய பயன் என்று கேட்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தை அது தாண்ட 0.03 நொடிதான் ஆகும். ரிம், டயர், ஹப், பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு மூலையில் முப்பது நாற்பது கிலோ இருக்கும். அவ்வளவு கனம் அந்த இமைப்பொழுதுக்குள் இறங்கி, பள்ளத்தின் எதிர்க்கரையில் மோதாமல் ஏறிவிட முடியாது. எதிர்க்கரையின் கூர்மையான தார் விளிம்பு டயரில் இடிக்கும்போது, ஷாக் அப்சார்பர் அசைந்து கொடுப்பதற்கு முன்பே அந்த இடத்தில் மட்டும் குழிந்து அடியை உள்வாங்குவது ரப்பரும் காற்றும்தான். பெரிய, மெதுவான ஏற்ற இறக்கம் ஸ்பிரிங்கின் பங்கு. சிறிய, கூர்மையான அடி டயரின் பங்கு. 17 அங்குல ரிம் இந்தப் பங்கைத்தான் வெட்டுகிறது. அதனால்தான் வேகத்தடையில் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கும். பாலத்தின் இணைப்பிலும், ஒட்டுப்போட்ட தார்ச்சாலையிலும், குழாய்க்காகத் தோண்டி மூடிய இடத்திலும் ‘டக் டக்’கென்று முதுகுத்தண்டில் ஏறும்.

இதுவரை சொன்னது சொகுசைப் பற்றி. கடைக்காரரும் மறுக்க மாட்டார். அவர் சொல்லாமல் விடுவது அடுத்த பாதியை. டயரின் பிடிப்பு, அது எவ்வளவு எடையோடு சாலையில் அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. கொஞ்சம் குறைவாகவே கூடும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் முழு வாதமும் அடங்கியிருக்கிறது. கரடான சாலையில் சக்கரம் துள்ளும்போது டயரின் மேலுள்ள எடை ஒரு கணம் ஏறுகிறது, மறுகணம் இறங்குகிறது. சராசரி எடை மாறுவதில்லை. ஆனால் ஏறும்போது கிடைக்கும் பிடிப்பு, இறங்கும்போது போகும் பிடிப்பை ஈடுசெய்வதில்லை. எனவே எடை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு பிடிப்பு போகிறது. காரின் உடல் நொடிக்கு ஒன்று ஒன்றரை முறை மெதுவாக ஆடும். சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும் இயல்புடையது. அந்தத் துள்ளலை அடக்கும் அளவுக்கு ஷாக் அப்சார்பரை அமைத்தபோது, கம்பெனிப் பொறியாளர்கள் குறிப்பிட்ட கனமும் குறிப்பிட்ட விறைப்பும் உள்ள சக்கரத்தைக் கணக்கில் வைத்திருந்தார்கள். விறைப்பான டயரையும் கனமான ரிம்மையும் அதே ஷாக் அப்சார்பரிடம் ஒப்படைத்தால், அதற்கு வேலை கூடுகிறது, திறன் கூடவில்லை. வளைவின் நடுவில் நாலைந்து ஒட்டுப்போட்ட மேடுகள் வரும் இடத்தில் இதை உணரலாம். ஸ்டியரிங் பிடித்த கோட்டை விட்டு கார் வெளிப்புறமாக ஓரிரு அங்குலம் தாவித் தாவி நகரும். அந்த நகர்வுதான் இழந்த பிடிப்பு.

இதற்கு என்னிடமுள்ள வலுவான சான்று உலக ராலி சாம்பியன்ஷிப். அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்குக்காகப் போராடுகிறார்கள். தோற்றத்துக்காக யாரும் எதையும் மாட்டுவதில்லை. ஒரே கார் தார்ச்சாலைப் போட்டிக்குப் போகும்போது 18 அங்குல ரிம் அணிகிறது, மண்ணும் சரளையும் நிறைந்த போட்டிக்குப் போகும்போது 15 அங்குலம். 2021 முதல் 2024 வரை பிரெல்லி டயர் வழங்கிய காலத்தில், தார்ச்சாலை டயர் 235/40-18, சரளை டயர் 205/65-15. முதலாவதன் பக்கச்சுவர் 94 மி.மீ., இரண்டாவதன் பக்கச்சுவர் 133 மி.மீ. இந்த எண்களை ஸ்விஃப்ட்டின் எண்களோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். தார்ச்சாலை ராலி கார் நம் 17 அங்குல அலாயின் பக்கச்சுவரோடு ஓடுகிறது. சரளை ராலி கார், பலரும் கழற்றிப் போட நினைக்கும் 14 அங்குல டயரின் பக்கச்சுவரோடு ஓடுகிறது. தார்ச்சாலையில் பெரிய ரிம் வைப்பதற்குப் பெரிய பிரேக் டிஸ்க்குக்கு இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். அதைத் தள்ளிவிட்டாலும் தெளிவாகத் தெரிவது ஒன்று: உலகிலேயே வேகமாக வளைவைக் கடக்கத் தெரிந்தவர்கள், சாலை கரடானதும் உயரமான பக்கச்சுவருக்குத் திரும்புகிறார்கள். அது சொகுசுக்காக அல்ல, வேகத்துக்காக.  

பெரிய ரிம்மின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உயரமான பக்கச்சுவர் பக்கவாட்டிலும் நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் ரிம் நகர்கிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அதன் பிறகே டயரின் அடிப்பாகம் திசை மாறுகிறது. பக்கச்சுவர் குறைந்தால் இந்தத் தாமதம் குறையும். கைக்கு உடனே பதில் கிடைப்பதுபோல் இருக்கும். நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது இது நிஜமாகவே இதமான அனுபவம், மாற்றியவர்கள் மகிழ்ந்து பேசுவதும் இதைத்தான். 2010-ல் அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 அங்குலம் வரை ஐந்து அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்தது. ரிம்மைப் பெரிதாக்கி, டயரையும் அகலமாக்கியதும் வளைவுப் பிடிப்பு கூடியது. ஆனால் சக்கரத்தின் கனம் ஏற ஏறப் பிக்கப் குறைந்தது. 15-க்கும் 19-க்கும் இடையே மைலேஜ் ஏறக்குறைய பத்து சதவீதம் சரிந்தது. அந்தச் சோதனை நடந்தது சமதளமான தடத்தில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே கிடைத்த கூடுதல் பிடிப்பில் அகலமான டயருக்கும் பங்குண்டு. எல்லாவற்றையும் ரிம்மின் கணக்கில் எழுத முடியாது. ரப்பரின் தரமும் அகலமும் தரக்கூடிய நன்மையைப் பெற ரிம்மைப் பெரிதாக்கத் தேவையில்லை. அதே 15 அங்குல ரிம்மில் 195/60 அளவில் நல்ல டயர் போட்டால் பக்கச்சுவர் 117 மி.மீ. நிற்கிறது, பிடிப்பும் கூடுகிறது. செலவும் மிகக் குறைவு.

கனத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலாய் என்றாலே இலகு என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரே அளவில், நல்ல தயாரிப்பில், அது சரியாக இருக்கலாம். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 17 அங்குல வார்ப்பு அலாய், கழற்றிய 14 அங்குல இரும்பு ரிம்மைவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாகவே இருப்பது வழக்கம். அதோடு கனம் மையத்திலிருந்து விலகி விளிம்புக்கு நகர்கிறது. விளிம்பில் சுழலும் ஒரு கிலோவை வேகப்படுத்த, காருக்குள் வைத்த ஒரு கிலோவைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேலை தேவை. சக்கரத்தில் ஏறும் ஒரு கிலோ, காரில் ஏறும் பத்துக் கிலோவுக்குச் சமம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள்; அப்படி ஒரு கணக்கு இயற்பியலில் இல்லை. நான்கு சக்கரத்திலும் மும்மூன்று கிலோ கூடினால் பிக்கப்புக்கு அது இருபது கிலோ சுமை ஏற்றியதுபோல. பெரிய நஷ்டமில்லை. உண்மையான நஷ்டம் மேலே சொன்ன துள்ளலில் இருக்கிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். கார் கம்பெனிகளே விலை கூடிய மாடலுக்குப் பெரிய வீல் கொடுக்கின்றனவே, அவர்களுக்குத் தெரியாததா? தெரியும். அதனால்தான் அவர்கள் பெரும்பாலும் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கேற்ப ஷாக் அப்சார்பரையும் ஸ்டியரிங்கையும் சரிபார்த்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த பிறகே விற்கிறார்கள். அவர்களும் விற்பனைக்காகத் தோற்றத்துக்கு வளைந்து கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்த வளைவின் விலையைச் சில சமயம் அவர்களே அச்சிட்டுத் தருகிறார்கள். டெஸ்லாவின் மாடல் எஸ் பிளேய்டு 2022-ல் 19 அங்குல வீலோடு ஒரே சார்ஜில் 396 மைல் போகும் என்றும், 21 அங்குல வீலோடு 348 மைல் என்றும் அமெரிக்காவில் சான்றளிக்கப்பட்டது. அதே பேட்டரி, அதே மோட்டார். வீலையும் டயரையும் மாற்றியதில் 48 மைல், பன்னிரண்டு சதவீதம், காணாமல் போகிறது. இன்னொரு பக்கம், மோசமான பாதைக்கென்றே உருவான வண்டிகளைப் பாருங்கள். மாருதி ஜிம்னிக்கு 195/80 R15 டயர். பக்கச்சுவர் 156 மி.மீ.

ஃபார்முலா ஒன் காரில் 18 அங்குலம் இருக்கிறதே என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. அந்த மாற்றம் வந்ததே 2022-ல்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தக் கார்கள் விதிப்படி 13 அங்குல ரிம்மிலேயே ஓடின, உப்பலான பக்கச்சுவர்கள் சஸ்பென்ஷனின் வேலையில் பெரும்பங்கைச் செய்தன. இன்னொரு வாதம் இதைவிடக் கவனிக்கத் தக்கது: பெரிய சக்கரம் பள்ளத்தில் அவ்வளவு ஆழமாக விழாது என்பது. சக்கரத்தின் மொத்த விட்டம் கூடினால் அது சரி. மாட்டுவண்டிச் சக்கரம் எந்தப் பள்ளத்தையும் ஏறிக் கடந்துவிடும். ஆனால் இரும்புப் பட்டை போட்ட அந்தச் சக்கரத்தில் காற்று இல்லாததால் உட்கார்ந்திருப்பவரின் எலும்பு வரை அதிரும். 17 அங்குல அலாய் மாட்டும்போது விட்டம் கூடுவதில்லை என்று ஏற்கெனவே பார்த்தோம். ஏறிக் கடக்கும் நன்மை கிடைக்காமல், அதிர்வு மட்டும் வந்து சேர்கிறது.

விட்டத்தையே கூட்டிவிடுகிறேன் என்று 205/60 R16 போன்ற டயரைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே வேறு தொல்லை. அந்தச் சக்கரத்தின் விட்டம் 652 மி.மீ., அதாவது ஸ்விஃப்ட்டின் அசல் அளவைவிட ஐந்து சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. அசல் சக்கரத்தில் அது எத்தனை சதவீதம் கூட்டிக் காட்டியதோ, அதில் ஏறக்குறைய ஐந்து சதவீதப் புள்ளிகள் கரைந்துபோகும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி இப்படித் தின்னப்படுகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதோ பின்சீட்டில் மூவர் ஏறியதும் வண்டி தாழும்போதோ டயர் உள்தட்டில் உரசும் சத்தமும் இந்த அளவில்தான் அதிகம் கேட்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னும் இரண்டு எண்களைக் கேட்காமல் எந்த அலாயையும் வாங்கக் கூடாது. ஒன்று ஆஃப்செட், ரிம்மில் ‘ET’ என்று பொறித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது அது. இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் வீல் பேரிங்கின் மேல் விழும் முறுக்கு கூடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலோ அந்தப் பக்கம் மட்டும் பிரேக் பிடித்தாலோ ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது. மற்றொன்று லோடு இண்டெக்ஸ், அளவை அடுத்து அச்சிட்ட எண். 185/65 R15 டயரில் 88 என்றிருந்தால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். சாதாரண 205/45 R17-ல் அது 84, அதாவது 500 கிலோ. சுமையைத் தாங்குவது ரப்பரல்ல, உள்ளேயிருக்கும் காற்று. காற்றுக்கு இடம் குறைந்தால் தாங்குதிறனும் குறையும். அதை ஈடுகட்ட ‘XL’ என்று பொறித்த டயர் கிடைக்கிறது. அதே அளவில் 88. ஆனால் அந்தத் தாங்குதிறனை அது கூடுதல் காற்றழுத்தத்தில்தான் தருகிறது. அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடும். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் போன பக்கச்சுவருக்கு மாற்று இல்லை. மழைக்காலத்தில் அகலமான டயர், தன் முன்னே கூடுதல் நீரைத் தள்ள வேண்டியிருப்பதால், தேங்கிய தண்ணீரில் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும் என்பதையும் வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுபவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓர் அங்குலத்தோடு நிறுத்துவது நல்லது. அதிலும் கம்பெனி அதே காரின் விலை கூடிய வகைக்குக் கொடுக்கும் அளவுக்கு மாறுவது இன்னும் நல்லது. அந்த அளவுகள் காரின் கையேட்டிலும் பெரும்பாலும் டிரைவர் கதவோரத்தில் ஒட்டிய தாளிலும் இருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸ் கோரிக்கை வரும்போது தேவையில்லாத பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருக்கவும் கம்பெனி அளவோடு நிற்பதே வழி. ரிம்மைக் கையில் தூக்கிப் பாருங்கள், தராசு இருந்தால் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். நடு ஓட்டை ஹப்பின் மேல் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் அதற்கான வளையம் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே 17 அங்குலத்துக்கு மாறிவிட்டவர்களுக்கு மிக முக்கியமானது காற்றழுத்தம். டயர் குளிர்ந்திருக்கும்போது வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். குலுங்குகிறதே என்று குறைத்து வைப்பது ஆபத்து. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே சிக்கும்போது பக்கச்சுவரின் உள்ளே ஓடும் நூல்கள் அறுந்துவிடும், ரப்பர் மட்டும் முழுதாக இருக்கும். சில நாட்களில் அந்த இடத்தில் கோழி முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த அளவுக்கு ஒரு புடைப்பு எழும்பும். அது டயரின் உட்பக்கத்திலும் வரலாம். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. பலமாக ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டால், அடுத்த சில நாட்களுக்குள் வண்டியைத் தூக்கி உட்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். புடைப்பு இருந்தால் பஞ்சர் கடையில் அதற்கு ஒட்டுப்போட வழியில்லை; அந்த டயரை அன்றே மாற்ற வேண்டும்.